கடல் உப்பும் தூண்டில் ரீலும்

விடுமுறை நாளில் ஃபஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு, நெய்வேலி நகரியத்திலிருந்து தூண்டிலும் கையுமாகக் கடற்கரை நோக்கிப் புறப்படும் அன்பர்கள் உண்டு. வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தின் கொடுவாவும் பாறையும் அவர்களை ஈர்க்கின்றன. கடல் வேட்டை நமக்கு ஆகுமானது என்பதைத் திருக்குர்ஆனின் 5ஆம் அத்தியாயமான அல்மாயிதாவின் 96ஆம் வசனம் தெளிவாக்குகிறது. எனினும், ஆகுமான வேட்டைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். நரம்பு அறுந்து, வாயில் முள்ளோடு தப்பியோடும் மீன் எவருக்கும் உணவாவதில்லை. அந்த உயிர்க்கு வேதனையே மிச்சம். உயிர்களை வீணே வதைப்பதை மார்க்கம் வெறுக்கிறது.

இந்தத் தவறு பெரும்பாலும் ரீலின் 'டிராக்' அமைப்பைக் கவனியாமையால் நேர்கிறது. ரீலுக்குள் அடுக்கப்பட்ட வாஷர்கள் ஒன்றையொன்று அழுத்தி, உராய்வினால் நரம்புச் சுருளைப் பிடித்து நிற்கின்றன. மீனின் இழுப்பு ஓர் அளவைத் தாண்டியதும் சுருள் வழுக்கிச் சுழன்று நரம்பை விட்டுக்கொடுக்கும். இயந்திரங்களோடு பழகிய நெய்வேலித் தொழிலாளருக்கு இது புதிதன்று. சுமை மிகும்போது வழுக்கி இயந்திரத்தைக் காக்கும் கிளட்சின் தத்துவமே இங்கும் செயற்படுகிறது.

டிராக்கை எவ்வளவு இறுக்குவது? நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை என்பது பொது விதி. 10 கிலோ தாங்கும் நரம்பாயின் இரண்டரை முதல் மூன்றேகால் கிலோ போதும். கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடுவது ஏமாற்றும். நரம்பின் நுனியை ஒரு வில் தராசில் கட்டி இழுத்து, சுருள் சுழலத் தொடங்கும்போது முள் காட்டும் எடையைப் பார்த்துத் திருகைச் சரிசெய்ய வேண்டும். நரம்பு வெட்டி வெட்டி இழுபடாமல் சீராக வெளிவர வேண்டும்.

இவ்வளவு இடைவெளி எதற்கு என்று கேட்கலாம். முடிச்சு விழுந்த இடத்தில் நரம்பின் வலிமை குறைகிறது. மேலும், மீன் ஓட ஓடச் சுருளிலுள்ள நரம்பு குறைந்து அதன் விட்டம் சுருங்குகிறது. விட்டம் பாதியானால், திருகைத் தொடாமலேயே இழுவிசை இரு மடங்காகிவிடும். மீன் சிக்கிய பரபரப்பில் திருகை மேலும் இறுக்குவோர் நரம்பை இழப்பது இதனால்தான்.

இனி, பராமரிப்பு. உப்புநீர் காய்ந்தாலும் உப்பு காய்வதில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சி உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே, வீடு திரும்பிய அன்றே ரீலைக் கழுவிவிட வேண்டும். முதலில் டிராக்கைச் சற்று இறுக்கினால் வாஷர்களுக்குள் நீர் புகாது. பிறகு நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவுக. குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் தள்ளப்படும். வாளியில் மூழ்கவிடுவதும் கூடாது. சுரங்கத்திற்காக நிலத்தடி நீர் இறைக்கப்படும் ஊர் எனினும், உளூவிலும் நீரை வீணாக்கலாகாது எனக் கற்றவர்கள் நாம். இங்கோ சிக்கனமே ரீலுக்கும் நன்மை!

துணியால் துடைத்து நிழலில் உலர்த்தியபின், கைப்பிடியின் மூட்டிலும் நரம்பு உரசிச் செல்லும் சிறு உருளையிலும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுக. பற்சக்கரங்களுக்குக் கிரீஸ் வேண்டும். ஆனால் டிராக் வாஷர்களில் கண்ட கிரீஸையும் பூசலாகாது. அவற்றின் பிடிமானம் கெடும். எடுத்து வைக்கும்போது டிராக்கை முழுதும் தளர்த்திவிடுக. இறுக்கியே வைத்தால் வாஷர்கள் நசுங்கி, அடுத்தமுறை ஒட்டிக்கொள்ளும்.

நரம்பின் முதல் சில மீட்டர்களை விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டினால் அப்பகுதியை வெட்டிவிடுக. வெட்டிய நைலானைக் கரையில் எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவருக. அது எளிதில் மக்காது. நம் கடலூர்க் கரையில் முட்டையிட வரும் ஆமைகளின் கால்களை அது சுற்றிக்கொள்ளக் கூடும்.

கருவியும் அமானிதம், கடலும் அமானிதம். இரண்டையும் பேணுவோரின் உணவில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!