பொதிகைக் காடும் நமது பாசனமும்

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு போகம் காணும் விவசாயப் பெருமக்கள் பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைத் தவறாது விசாரித்து அறிகின்றனர். அணைக்கு மேலேயுள்ள காட்டைப் பற்றி விசாரிப்போர் மிகச் சிலரே.

காடு மழையை வருவிக்கிறது என்பது பொதுவான பேச்சு. பொதிகையில் மழையைத் தருவது பெரும்பாலும் மலையின் உயரமே ஆகும். அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயர்ந்து இரு பருவக் காற்றுகளையும் தடுத்து நிற்கிறது. பெய்த மழையைச் சேமித்து வைப்பதே காட்டின் வேலை. நெடுங்காலம் வெட்டப்படாத பசுமைமாறாக் காட்டில் மழைத்துளி நேரே மண்ணை அறைவதில்லை. இலை இலையாக இறங்கிச் சருகின்மீது சொட்டுகிறது. தலைமுறை தலைமுறையாக மக்கிய சருகும், வேரும் புழுவும் துளைத்த மண்ணும் அந்நீரை உள்ளிழுத்துக்கொண்டு, மழை ஓய்ந்த பின்னரும் ஊற்றாகக் கசியவிடுகின்றன. தாமிரபரணி ஜீவநதியாக விளங்குவதற்கு இது முக்கிய காரணமாகும். காடழிந்த சரிவிலோ அதே மழை வெள்ளமாகப் பாய்ந்து, மண்ணை அரித்து வந்து அணையில் சேர்க்கும். புதிய கன்றுகளை நட்டு ஈடுசெய்யலாமே என்று சிலர் கேட்பதுண்டு. மரம் வளர்ந்துவிடும், அத்தகைய மண் உருவாக நம் பேரர் காலமும் போதாது.

முண்டந்துறை 1962-லும், சிங்கவால் குரங்கின் பொருட்டுக் களக்காடு 1976-லும் சரணாலயங்களாயின. 1988-இல் இரண்டும் இணைந்து தமிழ்நாட்டின் முதலாவது புலிகள் காப்பகமாயிற்று.

விறகுச் சுமையே வயிற்றுப்பாடாக இருந்த அடிவாரக் குடும்பங்களைத் தடையுத்தரவு ஒன்றினால் திருப்பிவிட இயலாது என்பது நமது துணிபு. 1990-களில் இக்கிராமங்களில் வனக்குழுக்கள் அமைக்கப்பெற்று, கறவை மாடு, சிறுதொழில் முதலியவற்றிற்குச் சுழல்நிதியிலிருந்து கடன் அளிக்கப்பட்டது. மாற்று எரிபொருளுக்கும் வழி செய்யப்பட்டது. அதன் பின்னரே தலைச்சுமை விறகு பெரிதும் குறைந்தது.

இன்று பஞ்சாயத்துகள் கவனிக்க வேண்டியவை வேறு சில. புதுப்புல் தளிர்க்கட்டும் என்று கோடையில் வைக்கும் தீ காட்டின் ஓரத்தோடு நிற்பதில்லை. சருகையும் இளங்கன்றையும் எரித்துவிடுகிறது. ஊர்ப் பொது நிலத்தில் தீவனப் புல்லும் விறகு மரமும் வளர்த்தால் இத்தேவை குறையும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பெருங்கூட்டம் கூடுகிறது. அங்கு சேரும் குப்பையையும், ஆற்றில் விடப்படும் துணிகளையும் அகற்ற, அடிவாரப் பஞ்சாயத்துகள் வனத்துறையினரோடு ஆனி மாதத்திலேயே கலந்து பேசி ஆட்களை ஏற்பாடு செய்துகொள்ளலாம்.