யோருபா இதழ்களும் முதல் நாவலும்

இன்றைய நைஜீரியாவின் முதல் செய்தித்தாள் ஆங்கிலத்தில் தோன்றவில்லை. அபேயோகுட்டாவில் ஆங்கிலேயச் சமயப் பணியாளர் ஹென்றி டவுன்சென்ட் 1859 டிசம்பரில் தொடங்கிய ‘இவே இரோஹின்’ யோருபா மொழியில் வெளிவந்தது. ஆங்கிலப் பகுதி மறு ஆண்டில்தான் சேர்ந்தது. மக்களிடையே வாசிப்புப் பழக்கத்தை உண்டாக்குவதே அவர்தம் நோக்கம். 1867ஆம் ஆண்டுக் கலவரத்தோடு அவ்விதழ் நின்றுபோயிற்று.

யோருபா இதழியலின் இலக்கியப் பயனை அறிய லேகோஸ் நகருக்கு வருதல் வேண்டும். ஐ. பி. தாமஸ் நடத்திய ‘அகேடே ஏகோ’ இதழில் (ஏகோ என்பது லேகோஸின் யோருபாப் பெயர்) 1929 முதல் 1930 வரை செகிலோலா என்னும் பெண்ணின் கடிதங்கள் தொடர்ந்து வெளிவந்தன. நோயுற்ற முதுமையில் தன் இளமை வாழ்வை எண்ணி வருந்துபவள் அவள். கடிதங்களை எழுதியவரோ இதழாசிரியரே! நகரின் தெருக்களும் மக்கள் பாடிய பாடல்களும் அவற்றில் இடம்பெற்றமையால், அவளை உண்மைப் பெண்ணாகக் கருதிய வாசகரும் இருந்தனர். 1930இல் இத்தொடர் நூலாயிற்று.

எனினும் 1938இல் வெளிவந்த ஃபகுன்வாவின் படைப்பையே முதல் யோருபா நாவலெனக் கூறுவோர் உளர். செய்தித்தாளை இலக்கியக் களமாக ஏற்கத் தயங்கும் மனப்போக்கே இதற்குக் காரணம் எனலாம். கரின் பார்பர் 2012இல் வெளியிட்ட பதிப்பு, இக்கதையை அவ்விதழின் பிற எழுத்துகளோடு சேர்த்து வாசிக்க வழிசெய்துள்ளது.