உலகச் சுற்றுப்புறப் பாதுகாப்பில் அரசு சாரா அமைப்புகள்

காற்றுக்கும் கடலுக்கும் நாட்டு எல்லைகள் இல்லை. ஒரு நாட்டின் ஆலைப்புகை மற்றொரு நாட்டில் அமில மழையாகப் பெய்கிறது. ஆகவே, சுற்றுப்புறத்தைக் காக்க நாடுகள் தமக்குள் உடன்படிக்கைகள் செய்துகொள்ள வேண்டியுள்ளது. அவற்றில் கையொப்பமிடுபவை அரசுகளே. ஆயினும், உடன்படிக்கை உருவாகும்போதும் பின்னர் அது செயற்படும்போதும் தன்னார்வச் சங்கங்கள், ஆராய்ச்சி நிலையங்கள், வணிக நிறுவனங்கள், பழங்குடி மக்களின் அமைப்புகள் ஆகியனவும் அதில் பங்கு கொள்கின்றன. வாக்குரிமை அற்ற இவற்றுக்குச் செல்வாக்கு எவ்வாறு கிட்டுகிறது என்பது ஆராயத்தக்கது.

சட்ட நிலை

ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 71-ஆவது பிரிவு, பொருளாதார சமூக சபை அரசு சாரா அமைப்புகளுடன் கலந்தாலோசிக்க வகை செய்கிறது. 1992-இல் ரியோ டி ஜெனிரோ மாநாடு ஏற்ற செயல்திட்டம் பெண்கள், உழவர்கள், தொழிலாளர்கள், விஞ்ஞானிகள், வணிகத் துறையினர் உள்ளிட்ட ஒன்பது பிரிவினரின் பங்கை எடுத்துரைத்தது. அதே ஆண்டில் உருவான பருவநிலை மாற்ற உடன்படிக்கையின்படி, கூட்டத்திற்கு வந்துள்ள உறுப்பு நாடுகளில் மூன்றில் ஒரு பங்கேனும் எதிர்த்தாலன்றி, தகுதியுள்ள அமைப்புகளைப் பார்வையாளராக அனுமதிக்கலாம். ஆனால் அவை வாக்களிக்க இயலாது.

அறிவே செல்வாக்கு

இவற்றின் வலிமை பெரும்பாலும் தகவலிலிருந்தும் ஆய்விலிருந்தும் பிறக்கிறது. அரசுகளும் தன்னார்வச் சங்கங்களும் உறுப்பினராக உள்ள சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், அருகிவரும் விலங்குகள், தாவரங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்த ஓர் உடன்படிக்கை தேவை என 1963-இல் தீர்மானித்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 1973-இல் வாஷிங்டனில் அது நிறைவேறி, 1975-இல் நடைமுறைக்கு வந்தது. 1976-இல் இந்தியா அதில் சேர்ந்தது.

கணக்கில் எழுந்த விவாதம்

ஆனால் தகவல் எப்போதும் நடுநிலையானதன்று. பூமியின் வெப்பம் உயர்வதற்குக் காரணமான வாயுக்களை எந்த நாடு எவ்வளவு வெளியிடுகிறது என்ற கணக்கை வாஷிங்டனிலுள்ள உலக வளங்கள் கழகம் 1990-இல் வெளியிட்டது. அதன்படி, முதல் ஐந்து நாடுகளில் அமெரிக்கா, சோவியத் யூனியன் ஆகியவற்றுடன் பிரேசில், சீனா, இந்தியா ஆகியவையும் இடம்பெற்றன. பழியில் ஏழை நாடுகளுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதே இதன் உட்பொருள்.

1991-இல் புதுதில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதை மறுத்தனர். வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியைக் கடலும் காற்று மண்டலமும் இயல்பாகவே நீக்கிவிடுகின்றன. இந்த இயற்கை வசதியை அதிகம் வெளியிடும் நாட்டிற்கே அதிகம் என அக்கழகம் பங்கிட்டிருந்தது. மக்கள் தொகைக்கு ஏற்பப் பங்கிட்டால் இந்தியாவின் வெளியீடு ஏறத்தாழ அதன் உரிய பங்கிற்குள் அடங்கிவிடும் என அவர்கள் காட்டினர். ஏழை உழவனின் நெல்வயலிலிருந்து எழும் மீத்தேனையும் செல்வர்களின் கார்கள் வெளியிடும் கரியமில வாயுவையும் ஒரே தட்டில் வைத்தல் நியாயமன்று என்றும் வாதிட்டனர்.

நெல்வயல்களைப் பற்றிய மதிப்பீடும் சோதனைக்குள்ளாயிற்று. இந்திய வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 70 லட்சம் டன்னுக்கு மேல் மீத்தேனை வெளியிடுவதாக அயல்நாட்டு மதிப்பீடு ஒன்று கூறியிருந்தது. 1991-இல் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் முன்னின்று நாட்டின் பல பகுதிகளில் வயல்களிலேயே அளந்தபோது, அது சுமார் 40 லட்சம் டன் மட்டுமே எனத் தெரிந்தது. சங்கம் கேள்வி எழுப்பலாம். விடையளிக்க அரசின் ஆய்வுக்கூடமும் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

வரம்புகள்

அரசு சாரா அமைப்புகள் அனைத்தும் பொதுநலம் ஒன்றையே நாடுபவை அல்ல. குளோரோஃபுளூரோ கார்பன்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என மொலினா, ரோலண்ட் ஆகிய விஞ்ஞானிகள் 1974-இல் எச்சரித்தபோது, அவற்றைத் தயாரித்த தொழில்துறையினர் அதைப் பல்லாண்டுகள் எதிர்த்தனர். தேர்தலில் மக்களிடம் பதில் கூறும் கடமையும் இவ்வமைப்புகளுக்கு இல்லை. நிதியும் நிபுணர்களும் செல்வ நாடுகளில் குவிந்திருப்பதால், ஒலிக்கும் குரலும் பெரும்பாலும் அவற்றுடையதே.

எனவே, ஓர் அமைப்பின் அறிக்கையைப் படிக்கும் மாணவரும் அதிகாரியும் முடிவை மட்டும் நோக்கினால் போதாது. எதை அளந்தனர், எந்த அடிப்படையில் பங்கிட்டனர், செலவை ஏற்றவர் யார் என்பனவற்றையும் நோக்க வேண்டும். வளரும் நாடுகள் தமது சொந்த ஆய்வு நிலையங்களையும் சுதந்திரமான சங்கங்களையும் பேணுதல் இன்றியமையாதது. நமது வயலை நாமே அளக்காவிடில், பிறர் கூறும் அளவே உலகின் கணக்கில் நிலைத்துவிடும்.