போய்வருவதற்கா, தங்கிவிடுவதற்கா?

ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் பக்கம் பிள்ளைகளை விடுதிப் பள்ளியில் சேர்த்து, மார்க் வாங்க வைத்து, இன்ஜினீயரிங் முடித்ததும் விமானம் ஏற்றிவிட்ட தலைமுறைக்கு இப்போது அறுபதும் எழுபதும் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகன் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ரெண்டு பேரும் இங்கியே வந்துருங்கப்பா. அங்க தனியா இருந்து என்ன பண்றீங்க?" பாசத்தில் குறையில்லை. ஆனால் கூட்டி வைத்துக்கொள்ள முடியுமா, எத்தனை நாள் முடியும் என்பதெல்லாம் மகன் கையில் இல்லை.

பெரும்பாலான நாடுகள் பெற்றோரை இரண்டே வகையாகப் பார்க்கின்றன. ஒன்று வந்து போகும் விருந்தாளி, இன்னொன்று நிரந்தரமாகத் தங்க வருபவர். நம் ஊர்ப் பெரியவர்களுக்கோ இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். மாசியில் மஞ்சளை வெட்டி வேகவைத்து நாமகிரிப்பேட்டை ஏலத்துக்கு அனுப்பிவிட்டுக் கிளம்ப வேண்டும். சேலத்து வெயிலைப் பேரப்பிள்ளைகளோடு கழித்துவிட்டு ஆடிப் பண்டிகைக்குள் வீடு திரும்ப வேண்டும். எது வேண்டும் என்று முடிவு செய்யாமலே படிவத்தை நிரப்புகிறவர்கள்தான் பின்னால் சிக்கிக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர் மனைவி, பிள்ளைகளைச் சார்ந்தோர் விசாவில் அழைக்கலாம், பெற்றோரை முடியாது. அவர்களுக்கு இருப்பது பி-2 சுற்றுலா விசா. பாஸ்போர்ட்டில் பத்தாண்டு என்று முத்திரை விழுந்தாலும், ஒவ்வொரு முறையும் தங்குவதற்கு வழக்கமாகக் கிடைப்பது ஆறு மாதம். அதையும் அந்த ஊர் விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரியே முடிவு செய்வார். மாசிக்கும் ஆடிக்கும் நடுவே இது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் விசா கேட்டு வருகிறவர் திரும்பிப் போக மாட்டார் என்று வைத்துக்கொண்டுதான் சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலே தொடங்குகிறது. இல்லை, திரும்புவேன் என்று காட்ட வேண்டியது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. நாலு ஏக்கர் தோட்டமும் கோழிப்பண்ணையும் உள்ளவர் அதை வெட்கப்படாமல் சொல்லலாம். "மகன்கூடவே இருந்துடலாம்னு போறேன்" என்று வெள்ளந்தியாகச் சொன்னால் கதை அங்கேயே முடிந்துவிடும். 79 வயதைத் தாண்டியவர்களுக்கு இருந்த நேர்காணல் விலக்கும் 2025 செப்டம்பரில் பெரும்பாலும் போய்விட்டது.

நிரந்தரமாக அழைப்பது அமெரிக்கக் குடியுரிமை பெற்ற, 21 வயது நிறைந்த பிள்ளையால் மட்டுமே முடியும். கிரீன் கார்டு வைத்திருப்பது போதாது. பெற்றோருக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது என்பதால் வரிசை நீளமில்லை. நீளமானது மகனின் வரிசைதான்: வேலைவழி கிரீன் கார்டுக்கு இந்தியர்கள் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்கிறார்கள், அதன்பிறகும் குடியுரிமைக்குப் பொதுவாக ஐந்தாண்டு. சரி, அப்பாவுக்குக் கிரீன் கார்டு வந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது அங்கேயே வாழ்பவருக்கான அட்டை. முன்அனுமதி இல்லாமல் ஓராண்டுக்கு மேல் தோட்டத்தில் இருந்துவிட்டால் அது கைவிட்டுப் போகும். முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டைப் பணம் கட்டி வாங்குவதற்குக்கூட அங்கே ஐந்தாண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும்.

பிரிட்டன் கதவைக் கிட்டத்தட்டச் சாத்திவிட்டது. 2012 ஜூலையில் வந்த விதிப்படி, நிரந்தரமாகத் தங்க வரும் பெற்றோருக்கு அன்றாடக் காரியங்களுக்கே பிறர் உதவி தேவைப்பட வேண்டும். அந்தப் பராமரிப்பு சொந்த ஊரில் கிடைக்காததாகவோ, காசு கொடுத்து வாங்க முடியாததாகவோ இருக்க வேண்டும். லண்டனில் நன்றாகச் சம்பாதிக்கும் மகனிடம், சேலத்தில் ஹோம் நர்ஸ் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். சம்பாத்தியம் குறைந்த மகனிடம், அரசு உதவி இல்லாமல் உன்னால் அவர்களை வைத்துக் காப்பாற்ற முடியாதே என்பார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இந்த விதி செல்லும் என்றே சொல்லிவிட்டது. பணம் கட்டி விண்ணப்பிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம்மவர்களுக்குத் தோதானது கனடாவின் சூப்பர் விசா. 2011 டிசம்பரில் தொடங்கியது. 2022 ஜூலையிலிருந்து ஒரே தடவையில் ஐந்தாண்டு வரை தங்கலாம், இடையில் வந்து போகலாம். பிள்ளைக்குக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இருக்க வேண்டும், வருமானம் காட்ட வேண்டும், பெற்றோருக்கு ஓராண்டு மருத்துவக் காப்பீடு குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு எடுக்க வேண்டும். சர்க்கரையும் பிரஷரும் உள்ள எழுபது வயதுக்காரருக்கு இந்தப் பிரீமியம்தான் பெரிய செலவு. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தருவார்களா என்று பாலிசியில் எழுத்துக்கு எழுத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளை எண்ணுகிறார்கள். நிரந்தர விசாவுக்குப் பாதிப் பிள்ளைகளாவது அங்கே குடியிருக்க வேண்டும், அல்லது வேறெந்த ஒரு நாட்டையும்விட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். மகன் சிட்னி, மகள் நாமக்கல் என்றால் தேறும். கரூரில் இன்னொரு மகள் இருந்தால் தேறாது. தேறினாலும், சீக்கிரம் நகரும் வரிசைக்குத் தலைக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்டணம். கட்டாதவர்களின் வரிசை ஏறக்குறைய முப்பது ஆண்டு. எழுபது வயதுக்காரரிடம் இதைச் சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்! 2019இல் வந்த 870 என்ற தற்காலிக விசாவுக்கு இந்தப் பிள்ளைக் கணக்கு கிடையாது. மூன்று அல்லது ஐந்தாண்டாக, மொத்தம் பத்தாண்டு வரை.

சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் உள்ளவர் மாதம் 12,000 சிங்கப்பூர் டாலர் சம்பளம் காட்டினால் பெற்றோரை நீண்ட நாள் வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனி 2024 மார்ச் முதல் புதிதாக வரும் திறன்மிகு பணியாளர்களுக்கு வழி திறந்திருக்கிறது; மருத்துவக் காப்பீடு கிடைப்பதுதான் அங்கே பாடு.

எந்த நாடானாலும், இவருக்கு இவர் பிள்ளை என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். இங்கேதான் நம் பக்கத்துப் பெயர்கள் வம்பு செய்கின்றன. அம்மா ரேஷன் கார்டில் பாவாயி, ஆதாரில் பாவாயி அம்மாள், மகனின் பிறப்புச் சான்றிதழில் பாவாயம்மாள். அப்பாவுக்கு இனிஷியல் ஒரே எழுத்து. பாஸ்போர்ட்டிலோ அதை விரித்து எழுதியிருப்பார்கள், அதிலும் மகன் பாஸ்போர்ட்டில் ஒரு ஸ்பெல்லிங், அப்பா பாஸ்போர்ட்டில் இன்னொன்று. மூன்றும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைப்பதோடு, முடிந்த ஆவணங்களைத் திருத்திவிடுவதே மேல். நாடு முழுவதற்குமான பிறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது; அதற்கு முன் வீட்டில் பிறந்த பலருக்குப் பதிவே இருக்காது. அப்படிப்பட்டவர்கள் பதிவு இல்லை என்று பதிவாளரிடமே சான்று வாங்கி, பள்ளிச் சான்றிதழோடு சேர்த்துக் கொடுக்கலாம். கோயிலில் தாலி கட்டியதோடு சரி என்றிருந்த தம்பதிக்குத் திருமணச் சான்றும் இருக்காது. அமெரிக்காவுக்கு அப்பாவை அழைக்கையில் அதைக் கேட்பார்கள்.

நிலத்துக்கு வருவோம். வெளிநாட்டில் குடியேறினாலும், இங்கே வசித்தபோது வாங்கிய விவசாய நிலத்தைத் தொடர்ந்து வைத்திருக்கலாம். வெளிநாடுவாழ் இந்தியராகிவிட்ட பின் புதிதாக வாங்கத்தான் முடியாது. வங்கிக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்வார்கள். தோட்டத்தைக் குத்தகைக்கு விடவோ, வழக்கு வந்தால் பார்க்கவோ யாருக்காவது பவர் எழுதுவதாக இருந்தால், கிளம்பும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடுவது சுலபம். அங்கே போய் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும்.