கோடியக்கரையில் பச்சையைப் பார்த்து ஏமாந்தேன்

எங்க ஊர் திருப்புட்குழி. 'புள்' என்றால் பறவை. ராவணனோடு மோதி உயிர்விட்ட ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். கோயில் குளத்துக்கே ஜடாயு தீர்த்தம் என்றுதான் பெயர். அப்படிப்பட்ட ஊர்க்காரன், பறவைகளுக்குப் பேர்போன கோடியக்கரையை ரொம்ப வருஷம் பார்க்காமலே இருந்துவிட்டேன். ஒரு ஜனவரியில்தான் போக வாய்த்தது.

வேதாரண்யத்துக்குத் தெற்கே சுமார் 10 கி.மீ. வடக்கிலிருந்து இறங்கி வரும் சோழமண்டலக் கரை இங்கேதான் மேற்கே திரும்புகிறது. அந்த மூலையில் கடற்கரை, காடு, புல்வெளி, உப்புச் சதுப்பு எல்லாமே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

முதலில் சதுப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காவிரிக் கிளைகளின் நன்னீர் இதில் வந்து சேர்கிறது. மழை நின்றதும் தண்ணீர் வற்றி உப்பு ஏறுகிறது. ஆழம் குறைந்த இந்தச் சேற்றில் புழு, பூச்சி, சிறு இறால் எல்லாம் ஏராளம். அதைத் தேடித்தான் பூநாரைகள் கூட்டமாக வருகின்றன. நம்ம கைக்குள் அடங்கிவிடுகிற கொசு உள்ளான், ஆர்க்டிக் பகுதியிலிருந்து வருகிறது! 2002இல் ராம்சர் பட்டியலில் இந்த இடம் சேர்ந்ததற்கு இந்தச் சதுப்பு முக்கியமான காரணம்.

அடுத்து புல்வெளி. 1967இல் இந்தச் சரணாலயம் அமைந்ததே முக்கியமாக வெளிமான்களுக்காகத்தான். ஓரிடத்தில் மரங்கள் அடர்த்தியாக நின்றன. "எவ்வளவு பச்சையா இருக்கு!" என்றேன். கூட வந்த உள்ளூர்க்காரர் சிரித்துவிட்டார்.

"அது சீமைக்கருவேலம் சார். அது வந்த இடத்துல புல்லு வராது. புல்லு இல்லேன்னா மான் எங்க போகும்?"

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. வெளிமான் காட்டுக்குள் ஒளிந்து வாழ்கிற மான் இல்லை. தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்து, ஓடித் தப்பிக்கிற மான். அதற்குத் திறந்த வெளி வேண்டும். இங்கே காட்டுத்தனமாகத் திரியும் மட்டக்குதிரைகளும் அதே புல்லைத்தான் மேய்கின்றன. போதாததற்கு, கருவேலங்காயைத் தின்றுவிட்டுச் சாணம் வழியாக விதையையும் பரப்புகின்றன.

கடைசியாகக் கடற்கரை. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் கலங்கரை விளக்கத்தின் இடிபாடு 2004 சுனாமி வரை இங்கே நின்றது. அலை அதையும் சாய்த்துவிட்டது. அதை நான் பார்த்ததே இல்லை. இனி பார்க்கவும் முடியாது.

திரும்பும்போது ராமர் பாதம் மேட்டில் ஏறினேன். இந்தப் பகுதியிலேயே உயரமான இடம் அதுதான். எங்க ஊரில் பறவைக்குக் கடன் செய்த அதே ராமரின் காலடி இங்கேயும் இருப்பதாக நம்பிக்கை. சுனாமியை யாரும் தடுத்திருக்க முடியாது. கருவேலத்தை வெட்டலாம், வேரோடு பிடுங்கலாம், மறுபடி முளைத்தால் மறுபடி பிடுங்கலாம்.

நீங்கள் போனால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள், விடியற்காலையில் போங்கள். மான் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மரத்தடியில் இருக்காது. மிச்சமிருக்கிற புல்லில்தான் நிற்கும்.