தோலில் துள்ளும் மான்

பாம்பும் தேளும் பொறித்த வெள்ளித் தகடுகளைப் பக்தர்கள் உண்டியலில் காணிக்கையிடும் சங்கரன்கோவிலில் ஜந்துக்களின் உருவங்கள் எவருக்கும் புதியனவல்ல. ஆயினும் ஆட்டுத்தோலில் விலங்குகளைச் செதுக்கி விளக்கொளியில் உயிர்ப்பிக்கும் தோல்பாவைக்கூத்தை, மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் குடும்பத்தினரே தென்பாண்டிச் சீமையில் தலைமுறைகளாகப் போற்றி வந்துள்ளனர்.

மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி உலர்த்தி, ஒளி ஊடுருவும்படி பக்குவம் செய்த தோலின்மீது உருவத்தை வரைந்து, சிற்றுளியால் துளையிட்டு, வர்ணம் தீட்டுகின்றனர். இராமாயணத்து மாயமானின் மேனியில் உளி அகற்றிய இடமெல்லாம் ஒளியே புள்ளியாகித் திரையில் மின்னுகிறது. வெட்டுண்ட தோல் மீண்டும் ஒட்டாதாகையால், எதனை விட்டுவைப்பது என்னும் விவேகமே இவ்வித்தையின் உயிர்நிலை என்பேன். கழுத்தைத் தனியே வெட்டி நூலால் பிணைத்தாலன்றி மான் திரும்பிப் பாராது. திரும்பிப் பாராத மான் சீதையின் சித்தத்தை எங்ஙனம் கவரும்?

ஏட்டில் எழுதிவைக்காத இந்தப் பாடத்தைப் பிள்ளைகள் திரைக்குப் பின்னே தந்தையின் கைகளைக் கண்டே கற்றனர். இதே கலையில் சிறந்த, ஆந்திரத்து நிம்மலகுண்டாவின் தளவாய் சலபதி ராவுக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நம் மண்டிகக் கலைஞரையும் பள்ளிகளின் சித்திர வகுப்புக்கு ஆசானாக அழைத்து, மாணவர் கையில் ஒரு துண்டுத் தோலும் ஒரு சிற்றுளியும் கொடுத்தல் வேண்டும்.