சாவிக்கு இடமில்லாத அறை

வலிப்புக் கண்டு ஒருவர் வீழ்ந்துவிட்டால், அவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது நம் தருமபுரி வட்டாரத்து ஊர்களில் இன்றும் நீங்காத வழக்கம். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுகின்றன. பெருமை மட்டும் சாவியைப் போய்ச் சேருகிறது. ஆனால் அதே நோயாளியின் மூளையை ஆராயும் எம்.ஆர்.ஐ. கருவியின் அறைக்குள் ஒரு சிறு சாவியையும் அனுமதிக்கமாட்டார்கள்.

குழாய் வடிவிலான அக்கருவி உண்மையில் மாபெரும் காந்தமாகும். பரவலாக வழங்கும் 1.5 டெஸ்லா கருவியின் ஆற்றல், புவியின் காந்தப் புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. அதன் கம்பிச் சுருள்கள் திரவ ஹீலியத்தில், சுழிக்குக் கீழ் 269 டிகிரிக் குளிரில் அமிழ்ந்துள்ளன. அக்குளிரில் மின்னோட்டம் தடையின்றி ஓடிக்கொண்டே இருப்பதால், நோயாளி எவருமில்லாத நள்ளிரவிலும் அக்காந்தம் உறங்குவதில்லை. 2018-ஆம் ஆண்டு மும்பை மருத்துவமனை ஒன்றில், பிராணவாயு உருளையுடன் உள்ளே சென்ற இளைஞர் ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு மாண்டார்.

நம் உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களை வானொலி அலையால் தூண்டி, அவை திருப்பித் தரும் மெல்லிய குறிப்புகளைக் கணிப்பொறி படமாக்குகிறது. எக்ஸ் கதிருக்கு இங்கு வேலையே இல்லை. இதற்கு வழிகண்ட லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு இருவரும் 2003-இல் நோபல் பரிசு பெற்றனர்.

நம் மாவட்டத்தார் பலர் நாடிச் செல்லும் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம், அந்நகரின் ஓசூர்ச் சாலையிலேயே உள்ளது. 1974-இல் இன்றைய உருப்பெற்ற அந்நிறுவனத்தில் பேயாட்டத்துக்கு இடமில்லை. வலிப்பின் காரணம் பழைய தழும்பா, கட்டியா, அன்றி மூளையில் தங்கிய நாடாப்புழுவின் கூடா என்பதைப் படம் பலவேளை காட்டிவிடும். அழுக்குக் கையாலும் கழுவாத காய்கறியாலும் உட்புகும் முட்டையிலிருந்து வளர்வதே அப்புழுக்கூடு. மத்தேயு நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில் தன் மகனுக்காக மன்றாடும் தந்தையைப் படிக்கிறோம். அவரும் பிள்ளையை மறைத்து வைக்கவில்லை, வெளியே அழைத்து வந்தார். வரன் கெட்டுவிடும் என்றஞ்சி மகளின் வலிப்பை மறைக்கும் பெற்றோர் இதனைச் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம்.

கருவிக்குள் அரைமணி நேரம் அளவில் அசையாது படுத்திருக்க வேண்டும். சம்மட்டி அடிப்பதுபோன்ற ஓசை எழும், காதடைப்பான் தருவார்கள். பேஸ்மேக்கரோ, அறுவையில் வைத்த உலோகமோ உடலில் இருப்பின் முன்னரே கூறிவிடுதல் இன்றியமையாதது. செபமாலை, பதக்கம், மெட்டி யாவும் வெளியே இருக்கவேண்டும். தாலியைக் கழற்றுவதற்குத்தான் நம் பெண்மணிகள் கண்கலங்குகின்றனர். அன்று ஒருநாள் உலோகமற்ற வெறும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு, சிலுவை பொறித்த தாலியைக் கணவர் கையில் ஒப்படைத்துச் செல்லலாம்.